கறிவேப்பிலைச் செடியில் ஒரு கவிதை



வண்ணத்துப்பூச்சியை நாம் மலரோடு சேர்த்தே பாடுகிறோம். அதனை வளர்ப்பதோ இலை. வ. புதுப்பட்டியில் என் வீட்டுப் புழக்கடைக் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கிடந்தவற்றைப் பல்லாண்டுகள் நசுக்கி எறிந்தேன். அவை கறிவேப்பிலை அழகியின் இளம்புழுக்கள்! பறவையை ஏய்க்கவே அவ்வேடம். வளர்ந்தபின் இலைப்பச்சை நிறம் பெறும். தாய்ப்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவையறிந்தே முட்டையிடுகிறது. பெண்பூச்சிகளுள் சில, நஞ்சுடைய ரோஜா அழகியின் செம்புள்ளிக் கோலம் பூண்டு உயிர் காக்கின்றன.

காலையில் புழுவைக் கொன்று, மாலையில் பட்டாம்பூச்சிக் கவிதை திருத்தியவள் நான். தமிழ் மறவன் 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியானது. நம் மேற்குமலை 2021இல் புலிகள் காப்பகமாயிற்று. புழக்கடைக்கு ஏது அரசாணை? இவ்வாண்டு அச்செடியைப் புழுக்களுக்கே விட்டுவிட்டேன். தாளிப்புக்கு வேண்டிய கொத்தை அண்டை வீட்டில் கேட்டு வாங்குகிறோம்.