ஒரு எண்ணுக்குப் பின்னால்: காஸாவில் இறந்தவர்களை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?

(எபிசோடில் பேசியதன் சீர்செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

காஸா பற்றிப் பேசுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தீங்க. கேட்டவங்கள்ல பல பேர் கூடவே ஒரு கேள்வியும் வச்சிருந்தீங்க: "செத்தவங்க இத்தனை பேர்னு நியூஸ்ல ஒரு நம்பர் வருதே, அதைச் சொல்றது ஹமாஸ் ஆட்சியில இருக்குற சுகாதார அமைச்சகம்தானே? அதை எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. நான் வேலை பார்க்கிறது டேட்டாவோட. டேஷ்போர்டில் ஒரு நம்பர் தெரிஞ்சா, அது எந்த டேபிள்ல இருந்து வருது, யார் என்ட்ரி போட்டாங்க, ஒரே ஆள் ரெண்டு தடவை வந்திருக்காரா, இதையெல்லாம் பார்க்காம அந்த நம்பரை மீட்டிங்கில் சொல்லக்கூடாது. எங்க வேலையில இதுதான் பாலபாடம். அதே கண்ணோட இந்த நம்பரையும் பார்ப்போம். அரசியல் தீர்வு என்ன, எல்லை எங்கே போடணும் என்பதெல்லாம் இந்த எபிசோடில் இல்லை. யார் செத்தார்கள், எப்படித் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் அக்டோபர் 7

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸும் மற்ற ஆயுதக் குழுக்களும் தெற்கு இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலோர் பொதுமக்கள். நோவா இசை விழாவில் மட்டும் 360 பேருக்கும் மேல். 251 பேரைப் பணயக்கைதிகளாகக் காஸாவுக்குள் கொண்டுபோனார்கள்.

இந்த 1,200 முதலில் 1,400 ஆக இருந்தது. ஒரு மாதம் கழித்து இஸ்ரேலே அதைக் குறைத்தது. எரிந்து கருகிய உடல்களைப் பரிசோதித்தபோது, சுமார் 200 உடல்கள் தாக்க வந்தவர்களுடையவை என்று தெரிந்தது. வசதியான தடயவியல் கூடமும் டி.என்.ஏ. பரிசோதனையும் உள்ள ஒரு நாட்டுக்கே சரியான கணக்குக்கு வர ஒரு மாதம் ஆச்சு. இந்தத் திருத்தத்தைக் காட்டி "அந்தப் படுகொலையே பொய்"னு ஒருத்தர் சொன்னா அது எவ்வளவு அபத்தம்? இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க. காஸா கணக்குக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்கப்போறோம்.

பட்டியல் எப்படி உருவாகுது?

காஸா 365 சதுர கிலோமீட்டர். போருக்கு முன் அங்கே 20 லட்சத்துக்கும் மேல் மக்கள். அதில் ஏறத்தாழ பாதிப் பேர் 18 வயதுக்குக் கீழே.

உடல் மருத்துவமனைப் பிணவறைக்கு வரும்போது பெயர், வயது, பாலினம், அடையாள எண் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவு அமைச்சகத்தின் டேட்டாபேஸுக்குப் போகுது. இங்கே முக்கியமானது அந்த அடையாள எண். ஒன்பது இலக்கம். கடைசி இலக்கம், முன்னாடி இருக்கும் எட்டையும் வைத்துக் கணக்கிடப்படுவது. நம்ம ஆதாரில் 12வது இலக்கம் செய்யும் வேலைதான் இதுவும். வாய்க்கு வந்த எண்ணை எழுதினால் பெரும்பாலும் மாட்டிக்கும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த மக்கள்தொகைப் பதிவேடு இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அப்போ, இல்லாத ஆளைச் செத்ததாக எழுதினால், சரிபார்க்கக்கூடிய இடத்தில் எதிர்த்தரப்பே உட்கார்ந்திருக்கு.

2023 அக்டோபர் 25 அன்று அமெரிக்க அதிபர் பைடன், பாலஸ்தீனர்கள் சொல்லும் எண்ணிக்கையில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றார். மறுநாளே அமைச்சகம் 6,747 பேரின் பட்டியலை வெளியிட்டது. அடையாளம் தெரியாத 281 பேர் தனி. பெயர், வயது, எண் எல்லாம் இருந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். எண்ணிக்கையை ஊதிப் பெருக்கியதற்குச் சான்று இல்லை என்று அந்த டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது.

பழைய வரலாறும் இருக்கு. 2014 போரில் இறந்தவர்கள் அமைச்சகக் கணக்கில் 2,310. ஐ.நா. கணக்கில் 2,251. இஸ்ரேல் கணக்கில் 2,125. மூன்றும் பக்கத்துப் பக்கத்துல. சண்டை மொத்த எண்ணில் பெரிதாக இல்லை. அதில் எத்தனை பேர் போராளிகள் என்பதில்தான்.

சிஸ்டம் உடைந்தபோது

இந்தத் தடவை கணக்கெடுத்த மருத்துவமனைகளே போர்க்களமாச்சு. 2023 நவம்பரில் அல்-ஷிஃபா மருத்துவமனைக்குள் இஸ்ரேல் ராணுவம் நுழைந்தது. வடக்கில் பதிவு முறை குலைந்தது. அமைச்சகம் ஊடகச் செய்திகளில் இருந்தும், பிறகு குடும்பத்தினர் ஆன்லைனில் நிரப்பிக் கொடுத்த படிவங்களில் இருந்தும் பதிவுகளைச் சேர்த்தது. அதனால் தரம் குறைந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. பிற்காலப் பட்டியல்களில் சில ஆயிரம் பெயர்கள் சரிபார்ப்புக்குப் பின் நீக்கப்பட்டன.

2024 மே மாதம் ஒரு பெரிய குழப்பம். ஐ.நா.வின் தினசரித் தகவலில் குழந்தைகள் எண்ணிக்கை 14,500-க்கு மேல் என்றிருந்தது, திடீரென 7,797 ஆனது. "ஐ.நா. பாதியாகக் குறைத்துவிட்டது"னு சோஷியல் மீடியா முழுக்க ஸ்க்ரீன்ஷாட். நடந்தது வேற. முதல் எண், அரசின் ஊடக அலுவலகம் சொன்னது. இரண்டாவது எண், பெயரும் முழு விவரமும் உறுதியான 24,686 பேருக்குள் குழந்தைகள் எத்தனை என்பது. அன்று மொத்த இறப்பு 34,622 என்பது மாறவே இல்லை. மீதி சுமார் 10,000 பேரின் விவரம் இன்னும் முழுமையாகவில்லை, அவ்வளவுதான். ஃபில்டர் போட்ட டேபிளையும் போடாத டேபிளையும் பக்கத்தில் வச்சு "டேட்டா காணாமப் போச்சு"னு கத்தின மாதிரி. அதே நேரம், உறுதியாகாத எண்ணை அவ்வளவு நாள் அப்படியே போட்டு வந்ததும் ஐ.நா. தரப்பில் கவனக்குறைவுதான்.

பட்டியலில் வராதவர்கள்

இடிபாடுகளுக்கு அடியில் இருப்பவர் பிணவறைக்கு வருவதில்லை. இன்சுலின் கிடைக்காமல், டயாலிசிஸ் கிடைக்காமல் செத்தவர் "போரில் இறந்தவர்" பட்டியலில் வருவதில்லை.

இதைக் கணக்கிட ஒரு பழைய உத்தி உண்டு. கண்மாயில் எத்தனை மீன்னு தெரியணும். 100 மீனைப் பிடிச்சு அடையாளம் போட்டு விட்டுடுறீங்க. அடுத்த நாள் இன்னொரு 100 பிடிக்கிறீங்க. அதில் 90-ல் அடையாளம் இருந்தா மொத்த மீனே கொஞ்சம்தான். அஞ்சில் மட்டும் இருந்தா நிறைய இருக்கு. 2025 ஜனவரியில் லான்செட்டில் வந்த ஆய்வு இந்த முறையில்தான் செய்யப்பட்டது. மருத்துவமனைப் பட்டியல், ஆன்லைன் படிவப் பட்டியல், சோஷியல் மீடியாவில் வந்த இறப்பு அறிவிப்புகள். மூன்றிலும் எத்தனை பெயர் பொதுவாக வருதுன்னு பார்த்தார்கள். முடிவு: 2024 ஜூன் 30 வரை காயங்களால் இறந்தவர்கள் சுமார் 64,260. குறைந்தது 55,298, அதிகம் போனால் 78,525. அன்று அமைச்சகத்தின் எண் 37,877. அதாவது அதிகமாகச் சொன்னதாகச் சந்தேகப்பட்ட எண், 40 சதவீதம் போலக் குறைவாக இருந்திருக்கு. அவர்கள் கணக்கில் இறந்தவர்களில் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் 59.1 சதவீதம்.

போராளி யார், பொதுமக்கள் யார்?

அமைச்சகப் பட்டியல் இதைச் சொல்லாது. இது அதன் உண்மையான குறை. ஹமாஸ் குடியிருப்புகளுக்கு அடியில் சுரங்கம் வைத்து, மக்களைக் கேடயமாக்குகிறது என்பது இஸ்ரேலின் வாதம். சுரங்கங்கள் இருந்தது உண்மை. ஆனால் ஒரு தரப்பு சட்டத்தை மீறினால் மறுதரப்பின் கடமை ரத்தாகிவிடாது. சர்வதேச மனிதாபிமானச் சட்டம் இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதப்பட்டது.

2025 ஆகஸ்டில் கார்டியனும் +972 இதழும் ஒரு செய்தி வெளியிட்டன. இஸ்ரேல் ராணுவ உளவுத்துறையின் டேட்டாபேஸில், அந்த மே மாதம் வரை இறந்தவர் அல்லது அநேகமாக இறந்தவர் என்று பெயரோடு குறிக்கப்பட்ட போராளிகள் சுமார் 8,900. அப்போது மொத்த இறப்பு சுமார் 53,000. ராணுவம் இந்தக் கணக்கை மறுத்தது. அது பொதுவெளியில் சொல்லிவந்த போராளிகள் எண்ணிக்கை இதைவிட மிக அதிகம்.

எங்க துறைக்காரங்க கேட்க வேண்டிய இன்னொன்று இருக்கு. 2024 ஏப்ரலில் அதே +972, 'லாவெண்டர்' என்ற ஏ.ஐ. சிஸ்டம் சுமார் 37,000 பேரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்ததாக எழுதியது. சுமார் பத்து சதவீதம் தவறு வரும் என்று தெரிந்தே பயன்படுத்தினார்கள் என்று உளவுத்துறை ஆட்கள் பெயர் சொல்லாமல் அந்த இதழிடம் பேசினார்கள். அது வெறும் தகவல் ஒப்பிடும் டேட்டாபேஸ், ஆளை முடிவு செய்வது அதிகாரிதான் என்பது ராணுவத்தின் பதில். நாம ஒரு மாடலில் 90 சதவீதம் துல்லியம் வந்தா ட்ரீட் கேட்கிறோம். மீதிப் பத்தில் தப்பான விளம்பரம் காட்டினா பரவாயில்லை. அந்தப் பத்து சதவீதத்தில் ஒரு வீடு இருந்தா?

ஏ.ஐ. இல்லாமலே தப்பு எப்படி நடக்கும் என்பதற்கும் ஒரு சாட்சி. 2023 டிசம்பர் 15, ஷுஜையா பகுதி. மூன்று இஸ்ரேலியப் பணயக்கைதிகள் தப்பித்து, சட்டை இல்லாமல், குச்சியில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். சொந்த நாட்டு ராணுவமே அவர்களைச் சுட்டுக் கொன்றது. ராணுவமே விசாரித்து ஒப்புக்கொண்டது. வெள்ளைத் துணியோடு வந்த பாலஸ்தீனர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று இஸ்ரேலுக்குள்ளேயே பலர் அன்று கேட்டார்கள்.

பசியும் ஒரு கணக்குதான்

போருக்கு முன் காஸாவுக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 500 லாரிகள் போகும். 2025 மார்ச் 2 முதல் பதினோரு வாரம் எதுவும் உள்ளே விடப்படவில்லை. உணவு இல்லை, மருந்து இல்லை. உதவிகளை ஹமாஸ் அபகரிக்கிறது என்பது இஸ்ரேல் சொன்ன காரணம்.

பஞ்சம் என்ற சொல்லை யாரும் உணர்ச்சிவசப்பட்டு அறிவிப்பதில்லை. ஐ.பி.சி. என்ற சர்வதேச அமைப்புக்கு அதற்கு வரையறை உண்டு. ஐந்தில் ஒரு குடும்பம் உணவே இல்லாத நிலையில் இருக்கணும். குழந்தைகளின் மேற்கையைச் சுற்றி ஒரு பட்டையால் அளப்பார்கள். அப்படி அளந்தவர்களில் 15 சதவீதம் பேராவது அளவுக்குக் கீழே இருக்கணும். பட்டினியாலும் அதோடு சேர்ந்த நோயாலும் தினமும் 10,000 பேரில் இருவர் சாகணும். 2025 ஆகஸ்ட் 22 அன்று காஸா நகரம் உள்ள பகுதியில் பஞ்சம் என்று அந்த அமைப்பு அறிவித்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த நிலையில். இஸ்ரேல் அரசு அதைப் பொய் என்றது.

அந்த மே கடைசியில் இருந்து, ஐ.நா. நடத்திய சுமார் 400 விநியோக இடங்களுக்குப் பதிலாக, அமெரிக்க, இஸ்ரேல் ஆதரவோடு 'காஸா ஹ்யூமானிட்டேரியன் ஃபவுண்டேஷன்' நான்கு மையங்களில் உணவு கொடுத்தது. ஜூலை முடிவதற்குள் சாப்பாடு தேடிப்போன இடத்தில் 1,373 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவு செய்தது. அவர்களில் 859 பேர் அந்த மையங்களின் அருகில். மாவு மூட்டைக்குப் போய் உயிரை விட்டவர்கள்.

முடியாதா என்றால், முடியும். 2024 ஆகஸ்டில், 25 வருஷத்துக்குப் பிறகு காஸாவில் பத்து மாதக் குழந்தைக்குப் போலியோ வந்தது. செப்டம்பர் 1 முதல் இரு தரப்பும் பகுதி பகுதியாகச் சண்டையை நிறுத்தின. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போய்ச் சேர்ந்தது. வழி இருந்தது. மனசுதான் வேணும்.

எண்ணாமல் விட்டால்?

இந்தக் கணக்கு எதுக்கு, செத்தவங்க திரும்பியா வரப்போறாங்கன்னு தோணலாம். தமிழ் பேசுற நமக்கு இதுக்குப் பதில் தெரியும். 2009 வன்னியில் வெளியார் சாட்சி கிட்டத்தட்ட யாரும் இல்லை. உள்ளே இருந்து எண்ணிக்கை சொன்ன மருத்துவர்கள் கைது செய்யப்பட்டு, பிறகு பத்திரிகையாளர்கள் முன் தாங்கள் சொன்னதையே மறுக்கும்படி ஆனது. ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. பெயரோடு முழுப் பட்டியல் இன்றுவரை இல்லை. பட்டியல் இல்லாத இடத்தில் "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்வது சுலபம்.

காஸாவில் 2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் வந்தபோது எண்ணிக்கை 67,000-ஐத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகும் தாக்குதல்களும் இறப்புகளும் நிற்கவில்லை. உயிரோடு இருந்த 20 பணயக்கைதிகள் வீடு திரும்பினார்கள். ஒப்பந்தப்படி இறந்த ஒவ்வொரு இஸ்ரேலியப் பணயக்கைதியின் உடலுக்கும் 15 பாலஸ்தீனர்களின் உடல்களை இஸ்ரேல் திருப்பிக் கொடுத்தது. பல உடல்களில் எண் மட்டும். பெயர் இல்லை. காஸாவில் டி.என்.ஏ. பரிசோதனை வசதி இல்லாததால், கான் யூனிஸ் நாசர் மருத்துவமனையில் குடும்பத்தினர் திரையில் ஓடும் புகைப்படங்களைப் பார்த்து, சட்டையையும் செருப்பையும் வைத்துத் தங்கள் ஆளைத் தேடினார்கள். ஒரு எண்ணைப் பெயராக மாற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

உங்ககிட்ட ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த தடவை வாட்ஸ்அப்பில் ஒரு நம்பர் வந்தால், எந்தத் தரப்பில் இருந்து வந்தாலும், மூணு விஷயம் கேளுங்க. யார் எண்ணினாங்க? எந்தத் தேதி வரை? யாரைச் சேர்த்தாங்க, யாரை விட்டாங்க? சந்தேகப்படுங்க, தப்பில்லை. சந்தேகப்பட்டால் சரிபாருங்க. சரிபார்க்காத சந்தேகம், செத்தவங்களைப் பற்றி யோசிக்காமல் இருக்க நமக்கு நாமே கொடுத்துக்கிற லீவு.

கேள்விகள் இருந்தால் எழுதுங்க. மாற்றுக் கருத்து இருந்தால் கண்டிப்பா எழுதுங்க, அதையும் வாசிக்கிறேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.