பிள்ளைகளுடன் சேர்ந்து ஜீப் கட்டுவோம்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



விதை, உரம், பாசனம் ஆகியவற்றைப் பற்றி நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்றுப் புதியது. பதினான்கு முதல் பதினேழு வயது வரையுள்ள நம் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு, பழைய ஜீப் ஒன்றைப் பிரித்துச் சீர்செய்து, தோட்டத்துக்கும் சேற்றுப் பாதைக்கும் ஏற்ற வண்டியாக அமைப்பது எப்படி என்பதே அது. வளர்ச்சிப் பணியில் இதற்கும் இடமுண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு என்பதே நம் விடை. உழவும் அறுவடையும் இன்று யந்திரத்தை நம்பியே நடைபெறுகின்றன. யந்திரம் வயலின் நடுவே நின்றுவிட்டாலோ, பட்டறைக்காரர் வரும் வழியைப் பார்த்துக் கொண்டிருக்கிறோம். நம் பிள்ளைகள் வண்டியை முடுக்க அறிவார்கள். அது எவ்வாறு ஓடுகிறது என்பதை அறியமாட்டார்கள். அரைகுறையான இந்த அறிவே ஆபத்துக்கு வித்தாகும்.

ஜீப் நமக்கு அந்நியமான வண்டி அன்று. 1940ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரங்களிலும் விசை பாயும் சிறு வண்டி ஒன்று வேண்டுமெனக் கேட்டது. பாண்டம் என்ற சிறிய நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரில் முதல் மாதிரியைக் கட்டிக் கொடுத்தது. பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய நிறுவனங்கள் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, மகீந்திரா நிறுவனம் இந்தியாவிலேயே அவற்றை இணைத்துக் கட்டத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, சாலை எட்டாத கிராமங்களுக்கு அதிகாரிகளைக் கொண்டு சேர்த்ததும் இவ்வண்டியே. இதன் அமைப்பு எளிது, உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். எனவே கற்பதற்கு இதைவிடத் தக்க வண்டி அரிது.

வண்டியை வாங்குமுன், பதிவுப் புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு பொருந்துகின்றனவா என்று பிள்ளைகளையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தாவிடில் விலை எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். அடுத்து, அடிச்சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். துருவால் தின்னப்பட்ட இரும்பின் ஓசை மங்கிக் கேட்கும். எஞ்சினைச் செப்பனிடலாம், அடிச்சட்டம் உளுத்த வண்டியை விட்டுவிடுவதே மேல்.

வேலையை ஒழுங்காகத் தொடங்குவது முக்கியம். முதலில் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சீட்டுக் கட்டி, அதன் படத்தையும் இடத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் இட வேண்டும். செலவுக் கணக்கைப் பிள்ளைகளே எழுதட்டும். இந்தப் பொறுப்பைப் பெண் குழந்தைகளுக்குக் கணக்கு எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள்; ஸ்பேனரை அவர்கள் கையிலும் கொடுங்கள். வேலைகளைப் பங்கிடும்போது பையனென்றும் பெண்ணென்றும் பார்க்க வேண்டாம்.

பள்ளிப் பாடம் கெடுமே என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. ஓர் உதாரணம் சொல்வோம். பின் சக்கரங்கள் இரண்டையும் தரையைவிட்டு உயர்த்தி, கெட்டியான தாங்கிகளின் மேல் நிறுத்துங்கள். முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரை விடுவித்து வையுங்கள். ஷாப்ட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடிட்டு, இரு சக்கரங்களையும் கையால் ஒரே திசையில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். போர்க்கால ஜீப்பாயின் ஷாப்ட் ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்றும். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது எவ்வாறு என்பது பிள்ளைக்கு அப்பொழுதே விளங்கும். இனி ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றினால், ஷாப்ட் பாதியளவே சுற்றும். ஒரு சக்கரம் அசையாது நிற்க, மற்றது மட்டும் சுழல முடியும் என்பது இதனால் தெரிகிறது. வழுக்கும் சேற்றில் ஒரு சக்கரம் வீணே சுழல, வண்டி நகராது நிற்பதன் காரணம் இதுவே. விகிதக் கணக்கைக் கரும்பலகையில் கண்டு அஞ்சிய பிள்ளை, இங்கே அதைக் கையால் தொட்டு அறிகிறான்.

மாற்றங்களைப் பற்றி இனிக் கூறுவோம். சேற்றுக்கேற்ற ஆழமான பட்டன்கள் உள்ள, உரிய அளவான டயர், அடிச்சட்டத்தில் உறுதியாகப் பூட்டிய இழுவைக் கொக்கி, புதிய மின்கம்பிகள், துருப்பிடிக்காத வண்ணப்பூச்சு ஆகியவை பயனுள்ளவை. சேற்றில் டயரின் காற்றைச் சிறிது குறைத்தால் அது விரிந்து தரையைப் பற்றும். தார்ச்சாலைக்கு வருமுன் மீண்டும் நிரப்ப வேண்டும். பழைய ஜீப்பில் முன் சக்கர விசையைத் தார்ச்சாலையில் பூட்டலாகாது. திருப்பங்களில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் செல்வதால், உறுப்புகள் முறுக்கேறிக் கெடும். வண்டியைப் பெரிதும் உயர்த்துவதும், அடிச்சட்டத்தை வெட்டுவதும், வேறு எஞ்சினைத் திணிப்பதும் வேண்டாம். உயர்ந்த வண்டி சரிவில் எளிதில் கவிழும். மேலும், பதிவுப் புத்தகத்தில் கண்டவற்றுக்கும் தயாரிப்பாளர் அமைத்ததற்கும் மாறாக வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019ஆம் ஆண்டில் இதனை வலியுறுத்தியது. ஐயமிருப்பின், வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நலம்.

எச்சரிக்கைகள் சிலவற்றை மனத்தில் இருத்துங்கள். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கின் மேல் நிறுத்தியோ எவரும் வண்டியின் கீழே போகலாகாது. உறுப்புகளைப் பெட்ரோலில் கழுவலாகாது. அதன் ஆவி எட்ட உள்ள நெருப்பையும் பற்றும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக் கூடும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதை ஊதாமல், நீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பற்றவைப்பும், பிரேக், ஸ்டீயரிங் வேலைகளும் தேர்ந்த மெக்கானிக்கின் பொறுப்பு. பிள்ளைகள் அருகிருந்து பார்க்கட்டும். ஆயினும் பற்றவைப்புச் சுடரை வெறும் கண்ணால் பார்க்க விடாதீர்கள்.

பெரியோர்களே! மிகக் கடினமான கட்டம் வண்டி ஓடத் தொடங்கிய பிறகே வருகிறது. பல மாதம் உழைத்த பதினாறு வயதுப் பையன் சாவியைக் கேட்பான். "நான் கட்டிய வண்டிதானே, அப்பா" என்பான். மறுப்பது எளிதன்று. ஆயினும் மறுத்தே தீர வேண்டும். பதினெட்டு வயது நிரம்பி உரிமம் பெறாதவர் ஜீப்பைப் பொதுவழியில் ஓட்டலாகாது. நம் ஊராட்சிச் சாலையும் பொதுவழியே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். அபராதத்தைக் கட்டிவிடலாம், போன உயிரை எவர் மீட்டுத் தருவார்? ஆகவே இந்த நிபந்தனையை வேலை தொடங்கும் நாளிலேயே வாய்விட்டுச் சொல்லி, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். முன்பே ஒப்புக்கொண்ட சொல்லைப் பிள்ளை மதிப்பான். தந்தையும் தலைக்கவசமின்றியும் உரிமமின்றியும் வண்டி ஓட்டாதிருந்தால்தான் அச்சொல்லுக்கு மதிப்பு உண்டாகும்.

ஒவ்வொரு குடும்பமும் ஜீப் வாங்க இயலாது என்பதை நாம் அறிவோம். அதனால் இப்பயன் கிட்டாமற் போகவேண்டியதில்லை. வீட்டிலுள்ள பவர் டில்லர், நீர் இறைக்கும் யந்திரம், டிராக்டரின் டிரெயிலர் ஆகியவற்றில் இதே முறையைக் கையாளலாம். ஊராட்சி உறுப்பினர்கள், உள்ளூர் மெக்கானிக்கை மாதத்தில் ஒரு நாள் அழைத்து, பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொல்லலாம். இதில் நாட்டம் கொண்ட பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் அல்லது மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்ந்து முறையாகப் பயிலவும் வழி இருக்கிறது.

பழைய இரும்பிலிருந்து ஓடும் வண்டி ஒன்று கிடைப்பது சிறு லாபம். பொறுமையும், கணக்கும், அடக்கமும் கற்ற பிள்ளைகள் கிடைப்பது பெரும் லாபம். ஊருக்கு இரண்டு குடும்பங்களேனும் இவ்வேலையை மேற்கொள்ள முன்வருமாறு கேட்டுக்கொண்டு அமைகிறோம்.