கணினியில் நம் நோய்க் குறிப்பு

“டாக்டர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, கணினியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.” பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நம் பெரியவர்கள் பலர் இப்படிக் குறைபட்டுக்கொள்கிறார்கள். அது அலட்சியம்தானா? இன்று அதைப்பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முன்பெல்லாம் தோட்டத்து டிரெசர் நம் குடும்பங்களை அறிந்திருந்தார். யாருக்கு இழுப்பு நோய், எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர் நினைவிலேயே இருக்கும். இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். நம்மை முன்பின் அறியாத மருத்துவருக்கு நம்மைப் பற்றிச் சொல்வது பதிவேடுதான். 1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை அந்தப் பதிவேட்டைக் கணினியில் வைத்தது. சிங்கப்பூர் 2011இல் நாடு முழுவதற்குமான மின்னியல் பதிவேட்டைத் தொடங்கியது.

மருத்துவர்கள் இதை எப்படிக் கருதுகிறார்கள்? நன்மையைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். எழுத்துப் புரியாமல் மருந்து மாறிப்போவது குறைகிறது. சென்ற ஆண்டின் இரத்தப் பரிசோதனை உடனே கண்முன் வருகிறது. பெனிசிலின் ஒவ்வாதவர் என்று பதிந்திருந்தால், அதைக் கொடுக்க முற்படும்போது கணினி எச்சரிக்க முடியும்.

ஆனால், சலிப்பும் உண்டு. எச்சரிக்கைகள் அளவு மீறி வந்தால் முக்கியமானதும் கண்ணுக்குத் தப்பிவிடும். கணினி நின்றுபோனால் வேலை தடைப்படும். இரகசியம் வெளியாகுமோ என்ற கவலையும் இருக்கிறது. 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் கணினியிலிருந்து ஏறக்குறைய 15 இலட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நேரம். அமெரிக்காவில் 57 மருத்துவர்களைக் கவனித்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோயாளியோடு நேரில் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், கணினிக்கும் எழுத்து வேலைக்குமாக ஏறக்குறைய 2 மணி நேரம் போனதாம்! வைத்தியம் படித்துவிட்டுக் கிராணி வேலை பார்க்கிறோமே என்று மருத்துவர்கள் வருந்துவதில் வியப்பில்லை.

ஆகவே, முகம் பார்க்காததெல்லாம் அலட்சியமல்ல. அதற்காக நாம் வாய்மூடி இருப்பதும் நல்லதல்ல. கணினியில் பதியப்படாத செய்தி மருத்துவருக்குத் தெரியாது. இனிப்புநீருக்கு மாத்திரை உண்பவர் நாட்டு மருந்தும் சேர்த்துக் குடித்தால், அதைச் சொல்ல வேண்டியவர் அவரேதான்.

மூன்று காரியங்களைப் பழக்கமாக்கிக்கொள்வோம். உண்ணும் மருந்துகளை உறையோடு எடுத்துச் செல்வோம். ஒவ்வாத மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி அடையாளக் கார்டோடு வைப்போம். ஓர் இடத்துக் குறிப்பு இன்னோர் இடத்தில் தெரியும் என்று நம்பியிருக்க வேண்டாம். மூன்றாவதாக, டாக்டர் தட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து, “டாக்டர், இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும்” என்று தயங்காமல் சொல்வோம். அப்போது அவர் நிச்சயம் நம் பக்கம் திரும்புவார்.