சர்ப்பகந்தி: பயனும் பாதுகாப்பும்

(கொச்சி மட்டாஞ்சேரியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மட்டாஞ்சேரி என்றதும் மிளகு, சுக்கு, ஏலக்காய் ஆகியவற்றின் மணமே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் உலக மருத்துவ வரலாற்றிலும் கொச்சிக்கு ஓர் இடம் உண்டு. 1663-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைக் கைப்பற்றினர். 1670 முதல் 1677 வரை மலபாரில் அவர்களது ஆட்சித் தலைவராக இருந்த ஹெண்ட்ரிக் வான் ரீட், இப்பகுதியின் தாவரங்களைப் பற்றிய 'ஹோர்ட்டூஸ் மலபாரிகூஸ்' என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதற்குத் தம் குடும்ப ஏடுகளிலிருந்து செய்தி அளித்தவர் ஈழவ மரபைச் சேர்ந்த வைத்தியர் இட்டி அச்சுதன் ஆவார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் மூன்று கொங்கணி அறிஞர்களும் துணை நின்றனர். அவர்கள் 1675-இல் வழங்கிய சான்றுகள் அந்நூலிலேயே அச்சேறியுள்ளன. அந்நூலில் இடம்பெற்ற செடிகளுள் ஒன்று 'சோவன்ன அமல்பொடி'. தமிழில் சிவன் அமல்பொடி என்றும், வடமொழியில் சர்ப்பகந்தா என்றும் வழங்கும் மூலிகை இதுவே.

பயன்பாட்டின் வரலாறு

சர்ப்பகந்தி முழங்கால் உயரம் வளரும் சிறு செடி. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்களை உடையது. மருந்தாவது அதன் வேர், கடுங்கசப்பானது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் இது வளர்கிறது. உறக்கமின்மை, மனக்கொந்தளிப்பு, சித்தப் பிரமை ஆகியவற்றைத் தணிக்க நம் நாட்டு வைத்தியர்கள் இதனை நெடுங்காலமாக வழங்கி வந்தனர். பீகார்ப் பகுதியில் இதனைப் 'பைத்திய மருந்து' என்னும் பொருள்படும் பெயரால் மக்கள் அழைத்தனர்.

1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், இவ்வேர் மனநோயைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என எழுதினர். அதே ஆண்டில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து சில காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல், 50 நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையின் பயனைப் பிரிட்டிஷ் இதழொன்றில் வெளியிட்டார்; உலகின் கவனம் இந்தியாவை நோக்கித் திரும்பியது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் 'ரிசர்பின்' என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. 1954-இல் நியூயார்க்கில் நாதன் க்ளைன் அதனை மனநோயாளிகளிடம் பயன்படுத்திப் பலனை அறிவித்தார். தற்கால மனநல மருந்தியலின் தொடக்கத்தில் இந்திய வேர் ஒன்றும் இடம்பெற்றது இவ்வாறே.

பயனுடன் வரும் இடர்

நரம்புகளில் சேமிக்கப்பட்டுள்ள நார்அட்ரினலின், செரட்டோனின், டோப்பமின் ஆகியவற்றின் இருப்பை ரிசர்பின் வற்றச் செய்கிறது. அமைதி பிறப்பதும் அழுத்தம் குறைவதும் இதனாலேயே. இடரும் அங்கிருந்தே எழுகிறது. மூக்கடைப்பு, மயக்கம், நாடித் துடிப்பு குறைதல், வயிற்றுப்புண் ஆகியன நேரலாம். 1950-களில் சிலருக்குக் கடும் மனச்சோர்வு ஏற்பட்டதாகவும் பதிவாயிற்று. பிற்கால ஆய்வுகள் இதனை முற்றிலும் உறுதி செய்யவில்லை. ஆயினும் மனச்சோர்வு கண்டவர்களுக்கு இம்மருந்து கூடாது என்னும் எச்சரிக்கை இன்றும் நிலைத்துள்ளது. புதிய மருந்துகள் வந்தபின் ரிசர்பினின் பயன்பாடு பெரிதும் குறைந்துவிட்டது.

இங்கு முக்கியமான கருத்து ஒன்று உண்டு. ரிசர்பினின் அளவு மில்லிகிராமின் சிறு பின்னங்களில் கணக்கிடப்படுகிறது. வேர்ப்பொடியிலோ, அச்சத்து செடியின் வயதுக்கும் மண்ணுக்கும் பருவத்திற்கும் ஏற்ப வேறுபடும். எனவே 'ஒரு சிட்டிகை' என்பது அளவாகாது. மேலும், மருந்தின் முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நிறுத்திய பின்னும் அதன் விளைவு நீடிக்கும். பயன் தெரியவில்லை என்று தாமே அளவைக் கூட்டிக்கொள்பவர் ஆபத்தை வரவழைத்துக் கொள்கிறார்.

ஆகவே கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், நடுக்குவாதம் உடையவர்கள் இதனைத் தவிர்த்தல் வேண்டும். இரத்த அழுத்தத்திற்கோ இதய நோய்க்கோ மாத்திரை உண்போர், மருத்துவரிடம் கூறாமல் இதனைச் சேர்த்து உண்ணலாகாது. மாத்திரையைக் கைவிட்டு இதற்கு மாறுவதும் தவறு. மதுவுடன் இது சேர்வது தீங்கு. பெயரில் பாம்பு இருப்பதால் பாம்புக்கடிக்கு இதனை நம்பிக் காலம் கடத்துவது உயிரைப் பறிக்கும். அதற்குரியது மருத்துவமனையில் கிடைக்கும் விஷமுறிவு ஊசியே. பாம்புக்கலா என்னும் இனச்செடியின் வேரைக் கலப்படம் செய்வதும் உண்டாதலின், தகுதி பெற்ற மருத்துவர் எழுதித் தந்த, உரிமம் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பை மட்டுமே கொள்ளல் நலம்.

செடிக்கும் பாதுகாப்பு

வேரே மருந்தாதலின், அறுவடை என்பது செடியின் அழிவு. 1950-களில் அயல்நாட்டுத் தேவை பெருகியபோது காடுகளில் வரைமுறையின்றித் தோண்டப்பட்டதன் விலையை இச்செடி இன்றும் கொடுத்து வருகிறது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1990-இல் இது சேர்க்கப்பட்டது. காட்டிலிருந்து எடுத்த வேரை ஏற்றுமதி செய்ய இந்தியா அனுமதிப்பதில்லை; பயிரிட்டதற்குச் சான்று வேண்டும். 2000-இல் மத்திய அரசு அமைத்த தேசிய மூலிகைத் தாவர வாரியம் மூலிகைச் சாகுபடியை ஊக்குவித்து வருகிறது.

வேர் முதிர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை காத்திருக்கும் சிறு விவசாயிக்கு நல்ல நாற்றும், உறுதியான கொள்முதலும், தரம் கண்டறியும் வசதியும் கிடைத்தாலன்றி, காட்டு வேரே மலிவானதாகத் தோன்றும். ஆதலின் காட்டைக் காப்பதும் விவசாயிக்கு நியாய விலை தருவதும் ஒரே பணியின் இரு கூறுகள்.

முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இட்டி அச்சுதன் உலகிற்கு அளித்த அறிவில், செடியின் பெயர் மட்டுமன்றி, அதனை அறிந்து வழங்கும் வைத்தியனின் பொறுப்பும் அடங்கியிருந்தது. அப்பொறுப்பை வணிகரும் நோயாளியும் ஏற்றுக்கொள்ளும்போதுதான் இம்மூலிகை மக்களுக்கு அமைதி தரும் மருந்தாக நீடிக்கும்.