சோட்லண்ட் வீதியின் ஒளிப்படத் தம்பதியர்

(ஒக்லாந்தில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒக்லாந்து நகரின் நடுவே, குயீன் வீதியிலிருந்து கிழக்கு நோக்கி மேடேறிச் செல்வது சோட்லண்ட் வீதி. அதைத் தொலைக்காட்சித் தொடரின் பெயராக மட்டுமே அறிந்த இளையோரும் இந்த அவையில் இருக்கக்கூடும். அலுவலகக் கட்டடங்கள் நிறைந்த அந்த வீதியில், 1867ஆம் ஆண்டு ஜோர்ஜ் புல்மன் என்பவர் ஒளிப்பட நிலையம் ஒன்றைத் திறந்தார். அவருடைய துணைவியார் எலிசபெத் அதில் அவரோடு இணைந்து உழைத்தார். உருவப்படம் எடுப்பதும் ஊர்க்காட்சிப் படங்களை எடுத்து விற்பதும் அவர்களின் தொழிலாயின.

எலிசபெத் 1836இல் இங்கிலாந்தின் செசயர் பகுதியிலுள்ள லிம் என்னும் ஊரில் பிறந்தவர். 1859இல் மணம் முடித்து, 1861இல் கணவரோடு நியூசிலாந்து வந்து சேர்ந்தார். கடல் கடந்து வந்து, புதிய ஊரில் புதிய தொழிலில் கால் பதித்த குடும்பம் அது. கடை திறந்து நான்கு ஆண்டுகளே ஆன நிலையில், 1871இல் ஜோர்ஜ் காலமானார். சிறு பிள்ளைகளோடு தனித்து விடப்பட்ட எலிசபெத் கடையை மூடவில்லை. 1875இல் ஜோன் பிளாக்மன் என்னும் பத்திரிகையாளரை மறுமணம் செய்த பின்னரும், புல்மன் என்னும் பெயரிலேயே தொழிலை நடத்தினார். 1900இல் தம் இறுதிக்காலம் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அந்த நிலையம் அவர் பொறுப்பில் இருந்தது. நியூசிலாந்தின் முதல் தொழில்முறைப் பெண் ஒளிப்படக் கலைஞர் என்று அவர் போற்றப்படுகிறார். 2021 ஆகஸ்டில் கூகிள் தன் முகப்புப் பக்கத்தில் அவரைச் சித்திரமாக வரைந்து சிறப்பித்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. படங்களின் அட்டைகளில் அச்சிடப்பட்டிருப்பது புல்மன் என்னும் கடைப்பெயர். எந்தப் படத்தைக் கணவர் எடுத்தார், எதை மனைவி எடுத்தார், எதை உதவியாளர் எடுத்தார் என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. இருவர் உழைப்பு ஒரு பெயருக்குள் அடங்கும்போது பெரும்பாலும் மறைந்துபோவது பெண்ணின் பங்கு. புல்மன் நிலையத்தின் வரலாற்றில் அது மறையாமல் நின்றமைக்குக் காரணம், கணவர் இறந்த பின் அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடத்திக் காட்டியதே.

அதே காலத்தில் தெற்குத் தீவின் டனீடன் நகரில் பேட்டன் சகோதரர்கள் என்னும் வேறோர் இணையும் புகழ் பெற்றிருந்தது. 1866இல் வந்த வோல்ற்றர் நிலையத்தில் இருந்து உருவப்படம் எடுத்தார். 1868இல் வந்து சேர்ந்த அல்பிரட் கருவிகளைச் சுமந்துகொண்டு நாடெங்கும் பயணம் செய்தார். 1884இல் கப்பலேறி பிஜி, சமோவா, தொங்கா வரை சென்றார். 1885இல் வங்கனூயி ஆற்றின் வழியே மாவோரி ஊர்களைப் படமெடுத்தார். சகோதரர் கூட்டு அதற்கு முன்பே முறிந்து, வோல்ற்றர் 1880இல் துயரமான முறையில் மறைந்துவிட்டார். கொழும்பிலும் 1890இல் பிளாற்றே என்பவரும் அவர் மனைவி கிளாராவும் இதே முறையில் ஒரு நிலையத்தைத் தொடங்கினர். உருவப்படமும் பயணப்படமும் சேர்ந்து நடந்தால்தான் அன்று அத்தொழில் வருவாய் தந்தது போலும்.

அன்றைய தொழில்நுட்பத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதற்குள்தான் இவ்வுரையின் மையமான செய்தி இருக்கிறது. அது ஈரக் கொலோடியன் முறை. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான திரவத்தைச் சீராகப் படரவிட வேண்டும். பின்னர் இருட்டறையில் அதனை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். ஈரம் காய்வதற்குள், அதாவது பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள், படத்தை எடுத்து, இரும்புச் சல்பேற்றுக் கரைசலை ஊற்றி உருவத்தை வெளிக்கொணர வேண்டும். பயணப்படம் எடுப்பவர் கூடாரத்தையே இருட்டறையாகச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. உருவப்படத்துக்கு அமர்ந்தவர் பல விநாடிகள் அசையாதிருக்க வேண்டும். பழைய படங்களில் எவரும் சிரிப்பதில்லையே என்று கேட்கும் பிள்ளைகளுக்கு விடையின் ஒரு பகுதி இதுவே. கையில் எடுத்த கரைசல் தோலைக் கறுப்பாக்கும். ஈதரின் ஆவி தலையைச் சுற்றவைக்கும். குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஒரு பெண் இத்தகைய தொழிலைச் செய்தார் என்பதை நினைவிற் கொள்க.

இம்முறைக்கு ஒரு குருட்டுத்தன்மை இருந்தது. கொலோடியன் தகடு நீல ஒளியையும் புற ஊதாக் கதிரையும் மட்டுமே நன்கு உணரும். சிவப்பையும் மஞ்சளையும் அது ஏறத்தாழக் காண்பதே இல்லை. ஆதலால் நீல வானம் வெறும் வெள்ளையாக விழும். செந்நிறமும் பழுப்பும் உள்ளதைவிடக் கறுத்துத் தோன்றும். மாவோரிப் பெரியோரின் முகத்தில் பொறிக்கப்படும் மோக்கோ என்னும் கோலம் நீலப்பச்சை நிறமுடையது. தமிழில் பச்சை குத்துதல் என்றே பெயரிட்டோம் அல்லவா, அந்த நிறந்தான். தகட்டின் பார்வையில் அந்தக் கோலத்துக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் வேறுபாடு மிகவும் குறைந்துவிடும். ஆகவே முகம் படத்தில் இருக்கும். மோக்கோ மங்கிவிடும், சிலவேளை முற்றாகவே மறைந்துவிடும். மோக்கோ வெறும் அழகுக் கோலம் அன்று. குலத்தையும் மரபையும் தகுதியையும் அது முகத்தில் எழுதிக் காட்டுவது. நியூசிலாந்து ஒளிப்படக் கலைஞர் மைக்கல் பிராட்லி 2018இல் 'புவாக்கி' என்னும் கண்காட்சியில் இதனைக் கண்கூடாகக் காட்டினார். இன்று மோக்கோ அணிந்தவர்களை ஈரக் கொலோடியன் முறையிலும் இன்றைய எண்மக் கருவியிலும் எடுத்து அருகருகே வைத்தார். ஒரே முகம், ஒன்றில் கோலம் துலங்குகிறது, மற்றொன்றில் அது மங்கி மறைகிறது.

அன்றைய நிலையங்கள் இக்குறையை அறிந்தே இருந்தன. படத்தின்மீது பென்சிலாலும் தூரிகையாலும் மோக்கோவை வரைந்து தெளிவாக்குவது வழக்கத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாவோரி உருவப்படம் ஒன்றைக் காணும்போது, முகத்திலுள்ள கோடுகளில் எவ்வளவு ஒளியின் வேலை, எவ்வளவு கையின் வேலை என்று இளையோர் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எலிசபெத் புல்மனின் நிலையம் எடுத்த படங்களுள் பெயர்பெற்றது மாவோரி அரசர் தாவியாவோவின் உருவப்படம். 1863இல் தொடங்கிய வைக்காட்டோப் போரின் பின்னர் அவர் மக்களின் நிலத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கரை அரசு பறிமுதல் செய்தது. அரசர் தம் மக்களோடு நாட்டின் உட்பகுதிக்குப் பின்வாங்கினார். 1881இல் ஆயுதங்களைக் கீழே வைத்தார். 1882இல் ஒக்லாந்துக்கு வந்தார். அக்காலத்துப் படம் அது. இரண்டாண்டுகளின் பின் இலண்டனுக்கே சென்று விக்டோரியா அரசியாரிடம் முறையிட முயன்றார்; அரசியாரைக் காண அனுமதி கிடைக்கவில்லை. 1894இல் அவர் மறைந்தார். 1995 நவம்பரில் எலிசபெத் அரசியார் நியூசிலாந்துக்கு வந்து, அந்தப் பறிமுதலுக்கு மன்னிப்புக் கோரும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதனோடு 170 மில்லியன் டொலர் பெறுமதியான இழப்பீடும் அமைந்தது. அதே நாள்களில்தான் வலிகாமத்து மக்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி வீதியில் நின்றார்கள் என்பது இங்குள்ள பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும்.

இத்தகைய படங்களை நிலையங்கள் கைக்கடக்கமான அட்டைகளாக அச்சிட்டு விற்றன. நகரத்தாரும் பயணிகளும் வாங்கித் தொகுப்பேடுகளில் செருகினார்கள். கண்ணாடித் தகடு கடைக்காரரிடம் இருக்கும். எத்தனை படி வேண்டுமானாலும் அவர் எடுக்கலாம். படத்தில் இருப்பவரின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பது வேறு கதை. ஆயினும் மாவோரி மக்கள் அந்தப் படங்களை வெறுத்து ஒதுக்கவில்லை. முன்னோரின் படங்களைத் தம் கூடல் மனைகளின் சுவரில் வரிசையாக மாட்டினார்கள். இறப்புச் சடங்கின்போது அவற்றைக் கொண்டுவந்து பேழையருகே வைக்கிறார்கள். பிறர் விற்பதற்காக எடுத்த படம், வழித்தோன்றல்களின் கையில் முன்னோராகவே ஆகிவிட்டது. இன்று நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இத்தகைய படங்களை மறுபதிப்புச் செய்வோரிடம் அவ்வழித்தோன்றல்களை மதிக்கும்படி கேட்டுக்கொள்கின்றன.

இனித் தமிழ் இல்லங்களுக்கு வருவோம். இந்நகரத் தமிழ் வீடுகளில் மாலை அணிந்து தொங்கும் படங்களை உற்று நோக்குங்கள். அவற்றுட் பல, அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் செய்தவை. ஓடும்போது தொகுப்பேட்டை எவர் எடுத்தார்? அடையாள அட்டை மட்டும் மடியில் இருந்தது. ஒரு சோதனைச் சாவடியில் காட்டுவதற்காக எடுத்த படமே பேரப்பிள்ளைகள் அறிந்த ஒரே முகம் என்றாகிவிட்டது. அப்படிப் பெருப்பிக்கும்போது ஸ்ரூடியோக்காரர் தோலை வெளுப்பாக்கி, வேட்டி சட்டைக்குக் கோட்டு மாட்டி, சுருக்கங்களை அழித்துத் தருகிறார். மோக்கோவை வரைந்தவராவது இருந்ததை வரைந்தார். இவர் இருந்ததை அழிக்கிறார். வண்ணப் படச்சுருள் காலத்தில் கொடாக் நிறுவனம் வெள்ளையினப் பெண் ஒருவரின் படத்தையே நிற அளவுகோலாக ஆய்வுகூடங்களுக்கு அனுப்பியது. கரிய தோல் அதில் சேறுபோல் விழுந்தது. அந்தக் குறை கருவியினுடையது. இன்று கைத்தொலைபேசி தானாகவே வெளுக்கச் செய்கிறது. அதை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது, பயன்படுத்துவோர் குறைவு.

இளையோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனார் பாட்டியரின் பழைய படங்களைச் செப்பனிட முற்படுமுன், உள்ளது உள்ளபடி வருடி ஒரு படி எடுத்து வையுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதுமானது. செப்பனிட்டது வேறு கோப்பாக இருக்கட்டும். பசையும் நெகிழித்தாளும் கொண்ட தொகுப்பேடுகளிலிருந்து படங்களை மெல்லப் பிரித்தெடுங்கள். அந்தப் பசை படத்தை அரிக்கும். ஒக்லாந்தின் ஈரப்பதத்தில் பூஞ்சணம் விரைவில் பிடிக்கும்; வாகனக் கொட்டகையில் பெட்டியோடு வைத்துவிட வேண்டாம். கோப்புகளின் ஒரு படி வேறு வீட்டிலும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது பெயர். நூலகத் தொகுப்புகளில் அக்காலப் படங்கள் பலவற்றின்கீழ் 'அடையாளம் காணப்படாத பெண்' என்றே எழுதியிருக்கும். படம் தெளிவாக இருக்கும், கேட்டறிய ஆளில்லை. பாட்டி இருக்கும்போதே படத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். மென்மையான பென்சிலால் படத்தின் பின்புற ஓரத்தில் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும். முதலெழுத்தோடு நிறுத்தாமல் தந்தை பெயரை முழுதாக எழுதுங்கள். நியூசிலாந்தின் பட்டியல்கள் அதனைக் குடும்பப் பெயரென்று கொண்டு குழம்பும். பெண்களுக்கு மணத்துக்கு முந்திய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஊரையும் குறிச்சியையும் தமிழில் எழுதுங்கள். படம் எடுத்தவரின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். பல வீட்டுத் தொகுப்பேடுகளில் தாயார் எந்தப் படத்திலும் இல்லாதிருப்பது, கருவி அவர் கையில் இருந்ததால்தான்.