அடர்ந்த காட்டுக்கு எந்த ஸ்கோப்?
(முன்னாள் மாணவர் சந்திப்பின் மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பத்திப் பேசாதே, வேற எதையாவது பேசு, பத்து நிமிஷம்தான்" என்று செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் துப்பாக்கிக்கு ஸ்கோப் வாங்கிய கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். முன்வரிசையில் சில புருவங்கள் உயர்வது தெரிகிறது. மெக்கானிக்கல் படிச்ச பையன், இட்லி சாம்பார்ல வளர்ந்தவன், இவனுக்கு எதுக்குங்க துப்பாக்கி?

நான் இருப்பது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் வடபகுதியில், மலையும் காடுமான ஒரு சிற்றூரில். அங்கே வெள்ளைவால் மான்கள் ஏராளம். அவற்றைத் தின்ன இருந்த ஓநாய்கள் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த மாநிலத்தில் அழிந்துவிட்டன. மான் மோதிக் கார் நொறுங்குவது அதிகம் நடக்கும் மாநிலங்களில் அதுவும் ஒன்று. ஆகவே அரசே லைசென்ஸ் கொடுத்து, நாள் குறித்து, எண்ணிக்கை வரையறுத்து வேட்டையாடச் சொல்கிறது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அது சரியான சட்டம் என்றுதான் நானும் நினைக்கிறேன். அங்கே நிலைமை வேறு, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. நான் இன்னும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற எச்-1பி ஆசாமி. பொதுவாக இந்த மாதிரி விசாக்காரர் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் மத்தியச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. லைசென்ஸுக்கு முன்னால் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு நானும் உட்கார்ந்து எழுதினேன். பாஸ்!

துப்பாக்கி ஒரு பழைய மார்லின் 336. குண்டு தேர்ட்டி-தேர்ட்டி, 1895-லிருந்து இருக்கிற ரகம். கைப்பிடி லீவரை இழுத்துத் தள்ளி அடுத்த குண்டை ஏற்றும் வகை. காலித் தோட்டா மேலே எகிறாமல் பக்கவாட்டில் விழும் என்பதால் தலைக்கு மேல் தாழ்வாக ஸ்கோப்பைப் பொருத்தலாம். அதில் எந்த ஸ்கோப் பொருத்துவது என்பதுதான் கேள்வி.

கடையில் போய் நின்றால் எல்லோரும் தூக்கிக் கொடுப்பது 3-9×40. வளையத்தைத் திருப்பினால் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாகும். "ஒன்பதே கிடைக்கும்போது நாலு எதுக்கு?" என்றார் கடைக்காரர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் நிற்கப்போவது வயல்வெளியில் அல்ல. ஹெம்லாக் மரமும், இடுப்பளவு மவுன்ட்டன் லாரல் புதரும் மண்டிய காடு. அங்கே மான் தெரியும் தூரம் 30 யார்டு, மிஞ்சினால் 70.

கணக்கைப் பாருங்கள். ஒன்பது மடங்கில் 100 யார்டு தூரத்தில் சுமார் 14 அடி அகலம் தெரியும். 30 யார்டில் நாலு அடிதான். மானோ மூக்கிலிருந்து வால் வரை ஐந்தாறு அடி. ஸ்கோப்புக்குள் தெரிவது வெறும் மயிர்த்தோல். தோளா தொடையா என்றே புரியாது. நாலு மடங்கில் அதே 30 யார்டில் ஏழு அடி. இரண்டரை மடங்கில் பன்னிரண்டு அடி, முழு மானும் சுற்றியுள்ள மரங்களும் தெரியும்.

"வளையத்தை மூணுலேயே வச்சுக்கிட்டா போச்சு" என்று சொல்வீர்கள். சொல்லலாம். ஆனால் முந்தின மாலை எதையோ பார்க்க ஒன்பதுக்குத் திருப்பியிருப்போம், காலையில் மறந்திருப்போம். மான் நமக்காகக் காத்து நிற்காதே! மாறாத பவர் ஸ்கோப்பில் திருப்ப ஒன்றும் இல்லை. எடை குறைவு, உள்ளே அசையும் பாகம் குறைவு. பழைய காலத்து மாறும் பவர் ஸ்கோப்புகளில் பவரை மாற்றினால் குண்டு விழும் இடமே சற்று நகரும். இன்றைய நல்ல ஸ்கோப்புகளில் அந்தக் குறை அநேகமாக இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது வெளிச்சத்துக்கு வருகிறேன். நம்ம பிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்பு வரை சட்டம் அனுமதிக்கிறது. அந்த அரையிருட்டில் எந்த ஸ்கோப்பும் புதிதாக வெளிச்சத்தை உண்டாக்காது. முன்கண்ணாடியின் விட்டத்தைப் பவரால் வகுத்தால், பின்பக்கம் கண்ணில் விழும் ஒளிவட்டத்தின் அளவு வரும். 9×40-ல் 4.4 மில்லிமீட்டர். 4×32-ல் 8 மில்லிமீட்டர். 2.5×20-லும் அதே 8 மில்லிமீட்டர். இளம் வயதுக்காரரின் கண்மணி இருட்டில் சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். வயதாக ஆகக் குறையும். ஆக, எட்டு இருந்தால் கண் வாங்கிக்கொள்ளக்கூடிய அளவுக்கு மேலேயே கிடைக்கிறது. மிச்சம் வீண் இல்லை: அவசரத்தில் தலை கொஞ்சம் தள்ளி இருந்தாலும் படம் கறுத்துப்போகாது.

அடுத்தது கண்ணாடிப் பூச்சு. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு காலி. 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியில் ஸ்மாகுலா என்பவர் இதற்கு மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். நாம் நியூட்டன் வளையங்களை எண்ணி எண்ணிக் கண் வலித்தோமே, அதே குறுக்கீட்டுத் தத்துவம்தான். அன்றைக்கு "இது எங்கேடா உபயோகப்படப் போகுது" என்று முணுமுணுத்தவர்கள் இந்த ஹாலிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.

அப்படியானால் இரண்டரையா, நாலா? என் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஐம்பது வருஷமாக அந்தக் காட்டில் நடப்பவர், இரண்டரைதான் என்று சத்தியம் செய்வார். 40, 50 யார்டில் திடீரென்று எழும்பும் மானுக்கு அவர் சொல்வது சரி. இருந்தும் நான் நாலு மடங்கை எடுத்தேன். காரணம் 2002-ல் வந்த ஒரு விதி. மாநிலத்தின் பெரும்பகுதியில் ஆண் மானைச் சுட வேண்டுமானால் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று முனைகளாவது இருக்க வேண்டும். இளம் மான்கள் வளரட்டும் என்பதற்காக. புதருக்குள் நிற்கும் மானுக்கு முனை எண்ணுவது லேசான காரியம் இல்லை. ஒளிவட்டம் இரண்டிலும் ஒன்றுதான் என்றாலும், நாலில் உருவம் பெரிது, அந்தியில் நுணுக்கம் கூடுதலாகத் தெரியும். இன்னொன்று, குறுக்கே நிற்கும் சுள்ளி. கனமான குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும் என்று ஒரு நம்பிக்கை அங்கே பலருக்கும் உண்டு. எந்தக் குண்டும் அப்படிப் போகாது. சுள்ளியில் பட்டால் திசை மாறும், மான் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். ஆகவே சுள்ளி கண்ணில் பட்டாக வேண்டும்.

குறுக்குக் கம்பியிலும் கவனம் வேண்டும். மெல்லிய கம்பி இருட்டான மரங்களுக்கு முன்னால் மறைந்துவிடும். ஓரத்தில் தடித்து நடுவில் மெலியும் அமைப்பை 1962-ல் லியூபோல்ட் கம்பெனி டியூப்ளெக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. நடுக்கம்பி தெரியாவிட்டாலும் நாலு தடித்த கம்பிகளும் கண்ணை நடுவுக்கு இழுத்துவிடும். காட்டுக்கு அதுவே போதும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கொம்பை எண்ணுவதற்கு ஸ்கோப் என்றேன். ஆனால் "அது என்ன?" என்று பார்ப்பதற்கு ஸ்கோப் கிடையாது. ஸ்கோப்பால் பார்த்தால் துப்பாக்கியையும் சேர்த்துத்தானே நீட்டுகிறோம்? 2019 நவம்பர் 30, சீசனின் முதல் நாள். மாலை நாலு மணி இருக்கும். சுமார் 40 யார்டில், லாரல் புதருக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. மான் குனிந்து மேய்கிற மாதிரியே இருந்தது. துப்பாக்கியை மடியிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய 7×35 பைனாகுலரை எடுத்தேன். பழுப்பு நிறம் ஒரு முதுகுப்பை. அதன் கீழே ஒரு வயதான மனிதர் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சட்டப்படி ஆரஞ்சு உடுப்பு போட்டிருந்தார். பை அதை மறைத்துவிட்டது, தொப்பி குனிந்த தலையோடு இலைக்குள் போய்விட்டது. குரல் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் யார் என்னிடம் ஸ்கோப்புக்கு யோசனை கேட்டாலும், பணத்தை இரண்டாகப் பிரி, பாதி பைனாகுலருக்கு என்று சொல்கிறேன். மாறாத பவர் ஸ்கோப்பின் உண்மையான லாபம் அங்கேதான்: ஒன்பது மடங்கு கையில் இருந்தால் அதையே பைனாகுலராக உபயோகிக்கத் தோன்றும்.

வாங்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை. இன்று பல கம்பெனிகள் இந்த வகையைக் குறைத்துவிட்டன. பழைய சரக்கில் தேட வேண்டியிருக்கும். கடையின் டியூப்லைட்டில் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் தெரியும். கடைக்காரரிடம் கேட்டு, ஸ்கோப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் வாசலுக்கு வந்து மரத்தடி நிழலைப் பாருங்கள். பொருத்திய பிறகு காலித் துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். முழு வட்டம் தெரிந்தால் சரி. கறுப்பு ஓரம் தெரிந்தால் முன்னே பின்னே நகர்த்துங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு அங்குலம் இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் உதைப்பில் புருவத்தில் பிறைச்சந்திரன் விழும்.

நான் 100 யார்டுக்குச் சரிசெய்து வைத்திருக்கிறேன். ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருப்பதால் 25 யார்டில் அரை அங்குலம் கீழே விழும், 50-ல் அநேகமாக நேராக விழும். அந்தக் காட்டுக்கு வேறு கணக்கே வேண்டாம்.

"அட, மான் கிடைச்சுதா இல்லையா?" என்று பின்வரிசையில் கேட்பது காதில் விழுகிறது. 2021-ல் கிடைத்தது. 45 யார்டு. பைனாகுலரில் ஆண் மான் என்று தெரிந்தது. ஸ்கோப்பில் இடது கொம்பில் இரண்டு முனை தெளிவு. மூன்றாவது, முனையா பின்னால் நிற்கும் சுள்ளியா என்று சந்தேகம். விரலை விசைக்கு வெளியிலேயே வைத்துக் காத்திருந்தேன். மான் தலையைத் திருப்பியது. சுள்ளியானால் நின்ற இடத்திலேயே நிற்கும், கொம்பானால் கூடவே போகும். மூன்றாவதும் கூடவே போனது. இருபது அடி தூரத்துக்குள் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு தொடை கொடுத்தேன், மீதி மிளகு வறுவல். "அந்த இரண்டரை இருந்திருந்தா இன்னும் சீக்கிரம் அடிச்சிருப்பே" என்றார் சாப்பிட்டுக்கொண்டே.

செயலாளர் அண்ணன் மணி அடித்துவிட்டார்.