கழித்துக் கூட்டும் கணக்கு



மயிலையிலும் தியாகராயர் நகரிலும் 'சி.டி. இசுகேன்' எடுக்கும் நிலையங்கள் இன்று பல. தமிழில் அதனைக் குறுக்குவெட்டு வருடி எனலாம். ஓயாத தலைவலி என்று சென்றவர் அவ்வளையத்துள் சற்றே படுத்து எழுகிறார். மண்டையோட்டைத் திறவாமலே மூளை அடுக்கடுக்காய்ப் படமாகிறது. அப்படம் ஒளிப்படம் அன்று, முழுவதும் கணக்கு. அக்கணக்கை எளிதாக்கிய பேரறிஞர் அடையாற்றுக்கு அணித்தான கிண்டியில் பதினெட்டாண்டு பணியாற்றியவர் என்பதைச் சென்னையார் பலரும் அறியார்.

அவர் 'ஜி. என். ஆர்.' எனப்பெற்ற இராமச்சந்திரன். 1952 முதல் 1970 வரை சென்னைப் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறைத் தலைவர். 1954இல் கோபிநாத கர்த்தாவுடன் கொலாசனின் முப்புரி அமைப்பை உலகுக்குக் காட்டியவர். ஊடுகதிர்ப் படிகவியலில் பல்லாண்டு பழகிய கணக்கே பின்னர் இங்கும் கைகொடுத்தது.

சிக்கல் யாது? ஊடுகதிர் ஒரு கோட்டின் வழியே உடலுட் புகுந்து வெளிப்படுகையில், அக்கோட்டிலுள்ள தடைகளின் கூட்டுத்தொகை மட்டுமே கிடைக்கும். எல்லாக் கோணங்களிலும் அத்தொகைகளைப் பெற்றால் ஒவ்வொரு புள்ளியின் தடையையும் மீட்கலாம் என்று ஆத்திரிய நாட்டு இராடன் 1917இலேயே மெய்ப்பித்தார். அவர் கோரியவை முடிவிலா அளவுகள்; கருவி தருவனவோ எண்ணத்தக்கவை. 1971 அக்டோபர் 1ஆம் நாள் இலண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்த அவுன்சுபீல்டின் கருவி, 180 கோணங்களில் கோணத்துக்கு 160 ஆக 28,800 அளவுகளைத் திரட்டி, 80க்கு 80 கட்டப் படமொன்றைத் தந்தது.

பெற்ற தொகைகளை வந்த வழியே திருப்பிப் பரப்பிக் கூட்டினாலென்ன? படம் வரும், ஆனால் ஈரத்தாளில் இட்ட மைபோல் ஒவ்வொரு புள்ளியும் ஊறிப் பரவும். அன்றைய பூரியே முறைக்கோ கணிப்பொறி நெடுநேரம் உழைக்கவேண்டும்.

பெங்களூர் சென்றபின், 1971இல், இராமச்சந்திரனும் இலக்குமிநாராயணனும் வெளியிட்ட வழி வியக்கத்தக்க எளிமையுடையது: கூட்டுமுன் கழி! ஓர் அளவை ஆயிரத்தாற் பெருக்குக. இருமருங்கிலும் முதல் அயலளவை 405ஆற் பெருக்கிக் கழிக்க. இரண்டாவதைத் தொடவேண்டா. மூன்றாவதற்கு 45, நான்காவதை விடுக, ஐந்தாவதற்கு 16. இரட்டைப்படை இடங்களுக்குக் கழிவே இல்லை! இருபுறக் கழிவெண்களையும் இறுதிவரை கூட்டினால் அதே ஆயிரம். இவ்வாறு திருத்தியவற்றைப் பரப்பிக் கூட்டினால் ஊறல் நீங்கும். 1967இல் வானொலி வானியலில் பிரேசுவெல்லும் இரிடிலும் இதையொத்த வழி கண்டிருந்தனர். அதை மறைப்பது நமக்குப் பெருமையாகாது.

எனினும் கணக்கு, அளக்காததைக் காட்டாது. புள்ளிக் கோலத்தில் புள்ளிகளின் இடைவெளி, கோலத்தின் நுணுக்கத்துக்கு எல்லையிடுவதுபோல, அளவுகளின் இடைவெளியே படத்தின் தெளிவுக்கு எல்லை. இடைவெளி ஒரு மில்லிமீட்டராயின், இரண்டு மில்லிமீட்டருக்கு ஒருமுறையினும் நெருங்கி மாறும் வரிகளைப் பிரித்தறிய இயலாது. இல்லாத வரிகள் பொய்யாய்த் தோன்றவுங் கூடும். கோணங்களும் போதிய அளவு வேண்டும்: கோணத்துக்கு 160 அளவுகளாயின் ஏறத்தாழ 250 கோணங்கள். குறைந்தால் படத்திற் கீற்றுகள் ஓடும். கீற்றைக் கட்டியென்றோ கட்டியைக் கீற்றென்றோ மருத்துவர் மயங்கினால் இழப்பு நோயாளிக்கே.

'இராம்-இலாக் வடிப்பி' என இருவர் பெயராலும் வழங்கும் இம்முறைக்கும் ஒரு குறையுண்டு. நுண்மையைத் தீட்டும்போதே இரைச்சலையும் தீட்டிவிடும். ஆதலால் 1974இல் செப்பும் இலோகனும் அதன் கூர்மையைச் சற்றே மழுக்கினர்; எலும்பின் விளிம்புக்குக் கூர்மை மிகவும், மென்தசைக்குக் குறையவும் வடிப்பியைத் தெரிந்துகொள்வதே இன்றைய நடைமுறை.